பனிக்காலத்தில் போடிமெட்டு: ஏறும்போது வேர்வை, இறங்கும்போது குளிர்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)



டிசம்பர் பிறந்ததும் நமக்கெல்லாம் ஒரே மாதிரி வீடியோக்கள் வர ஆரம்பிக்கும். "குளிர்காலத்தில் உடம்பை ஃபிட்டா வச்சுக்கிறது எப்படி?", "பனியில் சைக்கிள் ஓட்ட பத்து டிப்ஸ்" அப்படின்னு. திறந்து பார்த்தா, பேசுறவர் முழங்கால் அளவு பனியில நிப்பார். இல்லன்னா வீட்டுக்குள்ள சைக்கிளை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, டிவியைப் பார்த்து மிதிச்சிட்டு இருப்பார். நாமும் அதைப் பார்த்துட்டு, "அட, மார்கழி வந்துருச்சு, பொங்கல் முடிஞ்சு பார்த்துக்கலாம்"னு சைக்கிளுக்குப் பெட்ஷீட்டைப் போர்த்திடுறோம்.

அந்தப் பெட்ஷீட்டை எடுக்க வைக்கிறதுதான் இன்னைக்கு என் வேலை. அதுக்காக உங்களைத் தேனிக்குக் கூட்டிட்டுப் போறேன். போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு சுத்து. தமிழ்நாட்டுல குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டிக் கத்துக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒரே காலைல வயல்வெளிப் பனி, மலையேற்றம், மேல குளிர்காற்று எல்லாத்தையும் பார்த்துடலாம். கொஞ்சம் அசந்தா, அந்த ஒரே காலைல உடம்பையும் கெடுத்துக்கலாம். நான் கெடுத்துக்க இருந்தேன். அந்தக் கதையும் வருது.

நம்ம கேலண்டர் தலைகீழ்

ஐரோப்பாவில் சைக்கிள் ஓட்டுறவங்களுக்குக் கோடைதான் சீசன். குளிர்காலம்னா உடம்பைத் தக்கவச்சுக்கிற காலம். அதனால அவங்க எழுதுற பயிற்சி அட்டவணை எல்லாமே "குளிரில் அடக்கி வாசி, வெயில் வந்ததும் ஏறு" என்கிற ரீதியில இருக்கும். அதை அப்படியே காப்பி அடிச்சா நமக்கு வேலைக்கு ஆகாது.

தேனிப் பக்கத்தோட வருஷத்தைப் பாருங்க. மார்ச் கடைசியிலிருந்து மே வரை வெயில் வாட்டும். ஜூன்லயிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாப் பாய்ந்து வரும். அந்தக் காற்றை நம்பித்தான் தேனி, ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டிருக்காங்க. ஆடி மாசம் அந்தக் காற்றுக்கு எதிரா மிதிச்சுப் பாருங்க, சமதரையிலேயே மலை ஏறுற மாதிரி இருக்கும். அப்புறம் அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. ஆக, மழை ஓய்ஞ்சு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, மார்கழி பாதியிலிருந்து மாசி வரைக்கும் கிடைக்கிற பத்து வாரம்தான் நமக்கு உண்மையான சீசன்.

இதுக்கு உடம்பு சார்ந்த காரணமும் இருக்கு. வெயிலில் ஓட்டும்போது ரத்தத்துக்கு இரண்டு வேலை. தொடைத் தசைக்கு ஆக்ஸிஜன் கொண்டுபோகணும், உள்ளே உண்டாகிற சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியேத்தணும். வேர்வை போகப் போக ரத்தத்தோட அளவும் குறையும். அதனால வேகம் அதேதான், ஆனா இதயத்துடிப்பு மட்டும் நேரமாக ஆக ஏறிக்கிட்டே போகும். குளிர்ந்த காலையில் இந்த இரண்டாவது வேலை குறைவு. அதே இதயம், அதே கால், ஆனா இன்னும் அரை மணி நேரம் கூடுதலா ஓட்ட முடியுது. சென்னையில் மே மாசம் 20 கிலோமீட்டரிலேயே நாக்கு தள்ளுறவங்க, தேனியில் ஜனவரியில் 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு "நானா இது?"ன்னு கேட்பது இதனாலதான்.

பள்ளத்தாக்கில் குளிர் எங்கே உட்காரும்?

தேனியில டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கும். "இதெல்லாம் ஒரு குளிரா?"ன்னு ஊட்டிக்காரங்க சிரிப்பாங்க. ஆனா, "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்"னு நம்ம ஆளுங்க சும்மா சொல்லலை. குளிர் எங்கே, எப்போ இருக்குங்கிறதைக் கவனிச்சுச் சொன்ன பழமொழி அது.

கம்பம் பள்ளத்தாக்கு ஒரு நீளமான தொட்டி மாதிரி. மேற்கே கேரள எல்லையை ஒட்டிய மலைச்சுவர். கிழக்கே மேகமலைத் தொடர். நடுவுல முல்லைப் பெரியாறு. ராத்திரியில் மலைச்சரிவுல இருக்கிற காற்று குளிர்ந்து கனமாகும். கனமான காற்று தண்ணி மாதிரி சரிவில் வழிஞ்சு கீழே வந்து தேங்கும். கீழே என்ன இருக்கு? பெரியாற்றுப் பாசனத்தில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல், வாய்க்கால், வாழைத்தோப்பு, திராட்சைத் தோட்டம். ஈரமும் குளிரும் சேர்ந்தா பனிமூட்டம். அதனால சில காலைகளில் உத்தமபாளையம் வயல்வெளி நடுங்க வைக்கும், மலையில் இரண்டு மூணு வளைவு ஏறினா இதமா இருக்கும். அதுக்கும் மேலே போகப் போக மறுபடி குளிர ஆரம்பிக்கும். பொதுவா ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும்.

இன்னொரு விஷயம், சூரியன். வருஷத்தில் குறுகிய பகல் டிசம்பர் 21, 22-ல் வரும்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். ஆனா நம்ம ஊர்ல சூரியன் ரொம்பத் தாமதமா உதிக்கிறது ஜனவரி கடைசியில்தான். தேனியில் அப்போ 6.40-ஐத் தாண்டிடும். கம்பத்தில் அதுக்கு மேலயும் காத்திருக்கணும், ஏன்னா வெயில் மேகமலையைத் தாண்டி வரணும். "ஆறு மணிக்குக் கிளம்பிட்டா வெளிச்சம் வந்துடும்"னு சென்னைக் கணக்குப் போட்டா, முதல் முக்கால் மணி நேரம் இருட்டிலும் பனியிலும்தான்.

என் கதை: ஒரு காட்டன் பனியன் கற்றுக்கொடுத்தது

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜனவரி. போடியிலிருந்து போடிமெட்டு. சுமார் 26 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். முந்தல் சோதனைச் சாவடி வரைக்கும் ரோடு சாதாரணமாத்தான் போகும். அதுக்கப்புறம் ஏற்றம் விடாது.

கிளம்பும்போது குளிர் தெரிஞ்சது. அதனால உள்ளே காட்டன் பனியன், மேல காட்டன் டி-ஷர்ட், அதுக்கும் மேல ஒரு தடிமனான ஹூடி. நாலாவது வளைவுலயே வேர்த்துக் கொட்டிருச்சு. ஹூடியைக் கழட்டி இடுப்புல கட்டினேன். இரண்டரை மணி நேரம் கழிச்சு மேல போய்ச் சேரும்போது பனியனைப் பிழிஞ்சா தண்ணி வரும். ஆனா ஜெயிச்ச சந்தோஷம். டீ குடிச்சேன், போட்டோ எடுத்தேன், அரை மணி நேரம் நின்னேன். மேல பனிமூட்டம், காற்று. அப்பவே பல்லு லேசா அடிக்க ஆரம்பிச்சிருந்தது. வேர்வையில் நனைஞ்ச ஹூடியையே மேல மாட்டிக்கிட்டு இறங்க ஆரம்பிச்சேன்.

அஞ்சாவது நிமிஷம் விரல் மரத்துப்போச்சு. ஒரு வளைவுக்கு முன்னாடி பிரேக்கை அழுத்துறேன்னு நினைக்கிறேன், ஆனா எவ்வளவு அழுத்துறேன்னு கைக்குத் தெரியலை. சைக்கிள் நிக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, ரோட்டோட வெளி ஓரத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போய் நின்னது. அந்த நேரம் எதிரே வண்டி வரலை. அவ்வளவுதான் எனக்கும் விபத்துக்கும் நடுவுல இருந்தது.

மெதுவா உருட்டிக்கிட்டே போய் ரோட்டோரக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அண்ணன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கையில் சுக்குக் காபியைக் கொடுத்துட்டு, பழைய நியூஸ் பேப்பர் நாலு தாளை எடுத்துப் போட்டார். "ஈரத்தை முதல்ல கழட்டுங்க தம்பி. இதை நெஞ்சுல வச்சு மேல சட்டையைப் போடுங்க. கை தானா சூடாகும்"னார். எனக்கு ஒண்ணும் புரியலை. குளிர்றது கையில, பேப்பர் எதுக்கு நெஞ்சுக்கு?

நெஞ்சை மூடினா விரல் ஏன் சூடாகுது?

இதுதான் இன்னைக்கு எபிசோடோட மையம். கொஞ்சம் கணக்கு இருக்கு, பயப்படாதீங்க.

மலை ஏறும்போது நீங்க பெடலுக்கு 150 வாட் சக்தி கொடுக்குறீங்கன்னு வச்சுக்குவோம். தசைகள் செலவழிக்கிற ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாத்தான் பெடலுக்குப் போகும். மீதியெல்லாம் வெப்பம். அதாவது 150 வாட் மிதிக்க, 450 முதல் 500 வாட் வரைக்கும் சூடு உண்டாகுது. பழைய 100 வாட் குண்டு பல்பு அஞ்சை உடம்புக்குள்ள எரியவிட்ட மாதிரி. வேகமும் மணிக்கு 10, 12 கிலோமீட்டர்தான், காற்று பெருசாப் படாது. அதனாலதான் வெளியே 15 டிகிரியா இருந்தாலும் வேர்க்குது.

இறங்கும்போது மிதிக்கிறதில்லை. அஞ்சு பல்புல நாலு அணைஞ்சுடும். வேகம் 40-க்குப் போகும். அந்தக் காற்று உடம்பை ஒட்டியிருக்கிற சூடான காற்றுப் படலத்தை அள்ளிட்டுப் போகும். 10 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிச்சா, 6 டிகிரி மாதிரி இருக்கும். இதோட ஈரத்துணியும் சேருது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். காட்டன் வேர்வையைக் குடிச்சு வச்சுக்கும், விடாது. ஆக, அடுப்பை அணைச்சு, ஜன்னலைத் திறந்து, ஈரப் போர்வையைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்தவன் நிலைமை.

உடம்பு இப்போ ஒரு முடிவு எடுக்கும். இதயம், நுரையீரல், மூளை இருக்கிற நடுப்பகுதியைக் காப்பாத்தணும். அதுக்காகக் கை, கால் விரல்களுக்குப் போற ரத்தக் குழாய்களைச் சுருக்கும். விரல் மரத்துப்போறது இதனாலதான். நடுப்பகுதி சூடாகிட்டா குழாய்கள் மறுபடி திறக்கும், விரலுக்கு ரத்தம் வரும். கடைக்கார அண்ணன் இதைப் புத்தகத்தில் படிக்கலை, தினமும் ஆளுங்களைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டார். டூர் டி பிரான்ஸ் வீரர்களும் பல காலமா மலை உச்சியில் ரசிகர்கள் நீட்டுற பேப்பரை வாங்கி ஜெர்சிக்குள்ள செருகிக்கிட்டுத்தான் இறங்கியிருக்காங்க. பேப்பர் காற்றைத் தடுக்கும், கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சும், எடை கிடையாது, காசும் கிடையாது.

குளிருக்கான தயாரிப்பை நாம கிளம்பும்போது பண்றோம். அது தேவைப்படுறது உச்சியில.

என்ன போடலாம், என்ன எடுத்துட்டுப் போகலாம்

கிளம்பும்போது லேசாக் குளிரணும். முதல் பத்து நிமிஷம் "இன்னும் ஒண்ணு போட்டிருக்கலாமோ"ன்னு தோணினா, சரியான அளவில் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

உடம்பை ஒட்டி, சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டி-ஷர்ட் ஒண்ணு. கிரிக்கெட் ஆடப் போடுவீங்கல்ல, அதுவே போதும். அதே மாதிரி இன்னொண்ணைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்திப் பையில் வச்சுக்கங்க. உச்சிக்குப் போனதும் டீக்கு முன்னாடி, போட்டோவுக்கு முன்னாடி, முதல் வேலையா ஈரத்தைக் கழட்டிக் காய்ந்ததைப் போடுங்க. மேல காற்று புகாத மெல்லிய விண்ட் ஜாக்கெட். மடிச்சா ஒரு ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வந்துடும். இல்லையா, பேப்பர் இருக்கு.

முழுவிரல் கிளவுஸ் அவசியம். ஏறும்போது கழட்டிப் பையில் காயாம வைங்க, அதாவது நனையாம வைங்க. கழுத்துக்கு ஒரு பஃப் அல்லது மஃப்ளர். மஃப்ளரோட முனை தொங்கக் கூடாது, சக்கரத்தில் மாட்டும். மங்கி குல்லாவைப் போட்டு அதுக்கு மேல ஹெல்மெட்டை மாட்டாதீங்க, ஹெல்மெட் சரியா உட்காராது. மெல்லிய தொப்பி போதும்.

இறங்கும்போது இரண்டு மூணு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி, கையை உதறி, அக்குளில் ஒரு நிமிஷம் வச்சுக்கங்க. பிரேக்கை விடாம பிடிச்சுக்கிட்டே வந்தா ரிம்மும் சூடாகும், கையும் சோர்ந்துடும். வளைவுக்கு முன்னாடி நேர்ப்பாதையிலேயே அழுத்தி வேகத்தைக் குறைச்சு, வளைவுல விட்டுப் பிடிங்க. முன்னும் பின்னும் இரண்டு பிரேக்கையும் பயன்படுத்துங்க.

எங்கே ஓட்டலாம்?

முதல் தடவை போறவங்க நேரா மலைக்குப் போகாதீங்க.

முதல் நாள், அடிவாரச் சாலை. போடியிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியா உத்தமபாளையம். மேற்கு மலையை வலது கைப்பக்கம் வச்சுக்கிட்டே போற ரோடு. நெடுஞ்சாலை அளவுக்கு வண்டி இருக்காது. பண்ணைப்புரம் யார் ஊர்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஹெட்போனைக் கழட்டிட்டு ஊரைக் கேட்டுட்டுப் போங்க. வடகிழக்குக் காற்று அடிக்கிற நாட்களில் தெற்கே போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் மோதும். அதனால பாதித் தெம்பைத் திரும்பி வர்றதுக்கு மிச்சம் வைங்க.

இரண்டாவது நாள், திராட்சைச் சுற்று. கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சை விளையுற மண். பந்தலுக்கு நடுவுல போற சமதரை ரோடு. அங்கிருந்து சுருளி அருவி வரைக்கும் லேசான ஏற்றம்.

மூணாவதுதான் மலை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரைக்கும் போற மலைப்பாதை போடிமெட்டைவிடச் சின்னது, பழகிக்க நல்லது. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தைப் பார்த்துட்டுக் கிளம்பலாம். அவர் பிறந்தநாள் ஜனவரி 15. பொங்கல் சமயத்தில் போனீங்கன்னா, 1895-ல் முடிஞ்ச ஓர் அணையைக் கட்டின இன்ஜினியருக்காக இந்தப் பள்ளத்தாக்கு மக்கள் பொங்கல் வைக்கிறதைப் பார்க்கலாம். அப்புறம் போடிமெட்டு. மேல பூப்பாறை, மூணாறுன்னு ஆசை காட்டும். ஆனா மூணாறு பக்கம் சில ஜனவரிகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிப் போய்ப் புல்வெளியில் உறைபனி படியும். அதுக்குத் தயாரிப்பே வேற.

சென்னையிலிருந்து வர்றவங்களுக்கு, 2023 ஜூனிலிருந்து போடி வரைக்கும் ரயில் வருது. வாரத்தில் மூணு நாள். சைக்கிளைப் பார்சலில் பதிவு பண்ணணும், முந்தின நாளே ஸ்டேஷனில் விசாரிச்சுக்கங்க.

குளிரைவிடப் பெரிய ஆபத்து

இதைச் சிரிக்காமச் சொல்றேன். பனிக்காலத்தில் இந்த ரோட்டில் உயிருக்கு ஆபத்துன்னா அது முக்கியமா வண்டிகளால.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகர ஜோதி வரைக்கும், அதாவது நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை, சபரிமலை வண்டிகள் இரவு பகலா இந்தப் பள்ளத்தாக்கு வழியாத்தான் போகும். கூட்டம் அதிகமான நாட்களில் போற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாவும், திரும்புற வண்டிகளைக் குமுளி வழியாவும் ஒருவழிப் பாதையா மாத்திவிடுவாங்க. ராத்திரி முழுக்கத் தூங்காம ஓட்டிட்டு வர்ற டிரைவர், விடியற்காலைப் பனிமூட்டம், ஓரத்தில் ஒரு சைக்கிள். இதை நினைச்சுப் பாருங்க. 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய தேனி மாவட்டப் பக்தர்களின் வண்டி குமுளிக்குப் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தாங்க. வண்டிக்குள்ள இருந்தவங்களுக்கே அந்த நிலைமைன்னா, வெளியே இருக்கிற நாம எவ்வளவு கவனமா இருக்கணும்?

அதனால என்னோட விதி: மகர ஜோதி முடியுற வரைக்கும் அடிவாரச் சாலையும் தோட்டச் சாலையும் மட்டும். குமுளி, கம்பம்மெட்டுப் பாதைகளுக்கு ஜனவரி 20-க்கு மேல. அப்பவும் அதிகாலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் மலையேறும். அவங்களுக்கு நேரத்துக்கு வேலைக்குப் போகணும், நமக்குப் பொழுதுபோக்கு. ஜீப் சத்தம் கேட்டா ஓரங்கட்டி வழிவிடுங்க. வெளிச்சம் நல்லா வந்த பிறகு, ஏழு மணிக்கு மேல கிளம்புங்க. பின்னாடி சிவப்பு லைட், முன்னாடி வெள்ளை லைட், இரண்டும் பகலிலும் எரியட்டும். பத்து மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் தெரியலைன்னா சைக்கிளை ரோட்டை விட்டு இறக்கி நிறுத்திட்டு டீ குடிங்க, பனி விலகும். நவம்பர், டிசம்பர் மழையில் போடிமெட்டுப் பாதையில் புலியூத்துப் பக்கம் மண்ணும் பாறையும் சரியுறது உண்டு. மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கமே வேண்டாம்.

அடுத்து காடு. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போற 18 வளைவுப் பாதை பார்க்க ஆசையா இருக்கும். ஆனா அது 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். தென்பழனி வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்காமல் போகவே கூடாது. 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்ததை டிவியில் பார்த்திருப்பீங்க. சைக்கிளில் சத்தம் வராது. யானைக்கு நாம வர்றது தெரியாது, நமக்கும் வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நிக்கிறது தெரியாது. சுருளிப் பக்கமும் இதே எச்சரிக்கைதான்.

ஒரு நாள் வீரமா, பத்து வாரப் பழக்கமா?

ஒரு ஞாயித்துக்கிழமை போடிமெட்டு ஏறினா ஃபிட்னஸ் வந்துடாது. 80 கிலோ, அதாவது நீங்களும் சைக்கிளும் சேர்ந்து, ஆயிரம் மீட்டர் ஏற உடம்பு செலவழிக்கிறது சுமார் 800 கிலோகலோரி. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டா அதில் பெரும்பகுதி திரும்பி வந்துடும். மலை ஒரு பரீட்சை. படிக்கிறது வாரநாட்களில்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதோட இரண்டு நாள் தசைப் பயிற்சி. இதை எப்படிப் பிரிக்கலாம்? செவ்வாய், வியாழன் 40 நிமிஷம் சைக்கிள். ஞாயித்துக்கிழமை இரண்டு மணி நேரம். புதன், சனி வீட்டிலேயே தண்டால், பஸ்கி, பிளாங்க் 20 நிமிஷம். மிதமான உழைப்புன்னா என்ன? மிதிக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் மீட்டர். பத்து வாரத்தில் ஒவ்வொரு வாரமும் ஞாயிறு சவாரியைக் கொஞ்சம் நீட்டுங்க. நாலாவது வாரம் மட்டும் குறைச்சு ஓய்வு கொடுங்க. கடைசி இரண்டு வாரத்தில் மலை.

சென்னையில் மலைக்கு எங்கே போறது? மேம்பாலம் இருக்கு, ஞாயிறு காலையில் காலியா இருக்கிறப்போ நாலு தடவை ஏறி இறங்குங்க.

நேயர்கள் கேட்டவை

*"எனக்கு வீசிங் இருக்கு. குளிரில் ஓட்டலாமா?"*

குளிர்ந்த, வறண்ட காற்று வேகமா உள்ளே போனா மூச்சுக்குழாய் சுருங்கும். அதனால முதல் 15 நிமிஷம் ரொம்ப மெதுவா ஓட்டுங்க, மூக்கால மூச்சு விடுங்க, வாய்மேல பஃப் இருக்கட்டும். இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கணும், பைக்குள்ள அடியில் இருக்கக் கூடாது. நெஞ்சு இறுகினா நிறுத்திடுங்க. உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. குளிரில் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும். அதனால பிபி, இதயப் பிரச்சினை இருக்கிறவங்களும் அப்படியே.

*"குளிர்ல தாகமே எடுக்கலையே, தண்ணி குடிக்கணுமா?"*

கட்டாயம். குளிரில் தாக உணர்வு மங்கும், சிறுநீர் அதிகமாகும், வேர்வை காற்றில் காய்ந்து தெரியாமலே போகும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய். ஒரு மணி நேரத்துக்கு மேல போனா வாழைப்பழமும் கடலை மிட்டாயும். சின்னமனூர்ப் பக்கம் வாழைக்குப் பஞ்சமே இல்லை.

*"என்கிட்ட கியர் சைக்கிள் இல்லை. பிளஸ் ஒன்ல அரசாங்கம் கொடுத்த சைக்கிள்தான் இருக்கு."*

ரொம்ப நல்லது. பள்ளத்தாக்கின் சமதரை முழுக்க அதிலேயே சுத்தலாம். டயர், பிரேக் கட்டை, செயின் மூணையும் மட்டும் ஒரு தடவை மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க. மலை இறக்கத்துக்கு மட்டும் அதை எடுத்துட்டுப் போக வேண்டாம், அந்த பிரேக் அவ்வளவு நீளமான இறக்கத்துக்கு ஆனதில்லை.

முடிக்கிறதுக்கு முன்னாடி

போன ஜனவரி கடைசியில் மறுபடி போடிமெட்டு ஏறினேன். அதே 17 வளைவு. உச்சியில் ஈரச் சட்டையை மாத்தினேன், ஜாக்கெட் போட்டேன், கிளவுஸ் மாட்டினேன், அப்புறம்தான் டீ. இறங்கும்போது விரல் ஒவ்வொண்ணும் எங்கே இருக்குன்னு தெரிஞ்சது. அதே கடையில் நிறுத்தினேன். அண்ணனுக்கு என்னை ஞாபகம் இல்லை. "குளிருதா தம்பி, பேப்பர் வேணுமா?"ன்னு கேட்டார். இன்னைக்கு வேண்டாம்ணேன்னு சொன்னேன். ஆனாலும் ஒரு தாளை வாங்கி மடிச்சுப் பையில் வச்சுக்கிட்டேன்.

தை பிறந்துடுச்சுன்னா நமக்கு இருக்கிறது கொஞ்ச வாரம்தான். அப்புறம் பங்குனி வெயில் வந்துடும். இந்த வாரம் பெட்ஷீட்டை எடுங்க, டயருக்குக் காற்று அடிங்க, பையில் ஒரு காய்ந்த சட்டை வைங்க.

பத்திரமா ஏறுங்க, அதைவிடப் பத்திரமா இறங்குங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.